ஆலிஸ் கீ-பிளாஷே: 'முதல் பெண் இயக்குநர்' என்ற பட்டமும் அவருடைய படங்களும்

ஆலிஸ் கீ-பிளாஷே (ஜூலை 1, 1873 – மார்ச் 24, 1968) உலகின் முதல் பெண் திரைப்பட இயக்குநர். பிரான்சில் கோமோன் நிறுவனத்தின் படத்தயாரிப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். பின்னர் அமெரிக்காவில் 'சோலாக்ஸ்' என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி ஸ்டூடியோ கட்டியவர். சினிமா பிறந்த காலம் முதல் 1920 வரை அவர் இயக்கியோ, தயாரித்தோ, மேற்பார்வையிட்டோ உருவான படங்கள் ஏறத்தாழ 1000 இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. அவற்றில் சுமார் 150 படங்களே இன்று கிடைக்கின்றன.

ஆலிஸைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'முதல்' என்ற சொல்லில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மறக்கப்பட்ட ஒருவரை நினைவுக்குக் கொண்டுவர அந்தச் சொல் உதவியது. ஆனால் அவர் என்ன எடுத்தார், எப்படி எடுத்தார், அவற்றில் எவை இன்றும் பார்க்கத்தக்கவை என்ற கேள்விகளை அதே சொல் மறைத்தும்விட்டது. இக்கட்டுரை அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறி, கிடைக்கும் படங்களின் அடிப்படையில் அவரை மதிப்பிடுகிறது.

பிறப்பு, கல்வி

ஆலிஸ் கீ பாரிசுக்கு அருகிலுள்ள சேன்-மாந்தே என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோருக்கு ஐந்தாவது குழந்தை. தந்தை எமில் கீ தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் புத்தகக் கடைகள் நடத்தியவர். ஆலிஸ் முதல் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் கரூஜ் என்னும் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தார். பிறகு சிலிக்குக் கொண்டு செல்லப்பட்டார். பள்ளி வயதில் மீண்டும் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டுக் கன்னியர் மடம் நடத்திய பள்ளியில் படித்தார். பத்து வயதுக்குள் மூன்று நாடுகளில் வாழ்ந்துவிட்டார்.

தந்தையின் தொழில் நொடித்தது. 1891இல் அவர் இறந்தபோது ஆலிஸுக்கு வயது 17. தாயையும் தன்னையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவருக்கு வந்தது. அக்காலத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் புதிய தொழில்கள். அவற்றைக் கற்றுக்கொண்டு 1894இல் பாரிசில் புகைப்படக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தில் செயலாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தை லியோன் கோமோன் வாங்கினார். முதலீட்டாளர்களில் ஈஃபில் கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈஃபிலும் ஒருவர். முதலாளி மாறினாலும் செயலாளர் மாறவில்லை.

கோமோன் நிறுவனத்தில்

1895 மார்ச் மாதம் லூமியேர் சகோதரர்கள் பாரிசில் அறிவியலாளர்களுக்கும் தொழில்துறையினருக்கும் தங்கள் அசையும் படத்தைக் காட்டினார்கள். கோமோனும் ஆலிஸும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுவதைக் காட்டும் சிறு காட்சி அது. கோமோன் போன்றவர்களுக்கு அப்போது முக்கியமாக இருந்தது கருவி. கருவியை விற்க வேண்டும். அது வேலை செய்வதைக் காட்ட ஏதாவது ஒரு படம் வேண்டும். தெருவில் வண்டி போவது, ரயில் வருவது, படை அணிவகுப்பது ஆகியவை அதற்குப் போதும் என்று நினைத்தார்கள்.

ஆலிஸ் புத்தகக் கடைக்காரரின் மகள். கருவியைக் கொண்டு கதை சொல்லலாமே என்று அவருக்குத் தோன்றியது. சிறு காட்சிகளை எழுதி நண்பர்களை நடிக்கவைத்துப் படமெடுக்க அனுமதி கேட்டார். அலுவலக வேலை கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு கோமோன் அனுமதித்தார். படம் எடுப்பது அன்று மதிப்புள்ள வேலையாக இல்லை, அதனால்தான் அது ஒரு பெண்ணிடம் எளிதாகக் கொடுக்கப்பட்டது. கதைப்படம் பணம் தரத் தொடங்கிய பிறகு இந்த நிலைமை மாறியது.

'லா ஃபே ஓ ஷூ' (முட்டைக்கோசுத் தேவதை) அவருடைய முதல் படமாகக் கருதப்படுகிறது. ஆண் குழந்தைகள் முட்டைக்கோசிலிருந்து பிறப்பார்கள் என்று பிரான்சில் குழந்தைகளுக்குச் சொல்வது வழக்கம். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று நம் வீடுகளில் சொல்வது போன்றதுதான் அது. ஒரு தேவதை தோட்டத்துக் கோசுகளுக்கு இடையிலிருந்து குழந்தைகளை எடுத்துக் காட்டுகிறாள். ஒரு நிமிட அளவிலான படம்.

இப்படம் 1896இல் எடுக்கப்பட்டது என்று ஆலிஸ் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இன்று கிடைக்கும் பிரதியை ஆய்வாளர்கள் 1900ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கின்றனர். அவர் விவரிக்கும் கதையும் கிடைக்கும் படத்தோடு முழுமையாகப் பொருந்தவில்லை. ஓர் இளம் தம்பதி வந்து குழந்தையைத் தேர்ந்தெடுக்கும் 1902ஆம் ஆண்டுப் படத்தோடுதான் அது அதிகம் ஒத்துப்போகிறது. 1896இல் எடுத்த படம் அழிந்து, அதே கதை மறுபடியும் எடுக்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு தரப்பினர் கூறுகின்றனர். முதுமையில் எழுதியபோது ஆண்டு குழம்பியிருக்கலாம் என்பது மறுதரப்பு. எந்த ஆண்டை ஏற்றாலும் அவருக்கு முன் படம் இயக்கிய பெண் எவரும் அறியப்படவில்லை. 1906 வரையிலும் உலகில் படம் இயக்கிய ஒரே பெண் அவராகவே இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

கோமோன் நிறுவனத்தின் படத்தயாரிப்பு முழுவதும் 1907 வரை அவர் பொறுப்பில் இருந்தது. நடனம், நகைச்சுவை, தந்திரக் காட்சி, வரலாறு, சமயம் எனப் பல வகைப் படங்களை எடுத்தார். இசைத்தட்டையும் படச்சுருளையும் ஒன்றிணைத்து ஓட்டும் 'குரோனோஃபோன்' என்னும் கருவிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பாடல் படங்களை இயக்கினார். பேசும் படம் பரவலாவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த முயற்சி இது. முதலில் பாடலை ஒலிப்பதிவு செய்து, பிறகு அதை ஒலிக்கவிட்டுப் பாடகரை வாயசைக்கச் செய்து படமெடுப்பார்கள். 1905 அளவில் எடுக்கப்பட்ட ஒரு துணுக்குப் படத்தில், நடிகர் கூட்டத்துக்கு நடுவே அவர் இந்தப் படப்பிடிப்பை நடத்துவதை இன்றும் காணலாம்.

அங்கு அவர் எடுத்தவற்றில் பெரியது 'கிறிஸ்துவின் வாழ்க்கை' (1906). 25 காட்சிகள், அரை மணி நேரத்துக்கும் சற்று மேல் ஓடும் படம், சுமார் 300 துணை நடிகர்கள். ஓவியர் ஜேம்ஸ் டிசோ விவிலியத்துக்கு வரைந்த படங்களை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். சிறு படங்கள் வழக்கமாயிருந்த காலத்தில் இது துணிச்சலான செலவு.

அமெரிக்காவும் சோலாக்ஸ் நிறுவனமும்

லண்டனில் பிறந்த ஒளிப்பதிவாளர் ஹெர்பர்ட் பிளாஷேயை ஆலிஸ் 1907இல் மணந்தார். கோமோன் நிறுவனம் ஹெர்பர்ட்டை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஆலிஸ் தம் பதவியை விட்டு உடன் சென்றார். தமக்குப் பின் அப்பொறுப்புக்கு லூயி ஃபேயாத்தைப் பரிந்துரைத்தவர் அவரே. அவரிடம் கதை எழுத வந்த ஃபேயாத் பின்னாளில் பிரெஞ்சுத் தொடர்படங்களின் பெரும் இயக்குநராகப் புகழ்பெற்றார்.

1908இல் மகள் சிமோன் பிறந்தார். 1910இல் ஆலிஸ் சோலாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் நியூயார்க்கின் ஃபிளஷிங் பகுதியில் இருந்த கோமோன் ஸ்டூடியோவில் படங்கள் எடுக்கப்பட்டன. 1912இல் நியூஜெர்சியின் ஃபோர்ட் லீ நகரில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டுச் சொந்த ஸ்டூடியோ கட்டினார். ஹாலிவுட் எழும் முன் அமெரிக்கப் படத்தொழிலின் மையம் ஃபோர்ட் லீ. ஸ்டூடியோவின் சுவரில் பெரிய எழுத்துகளில் ஒரு பலகை மாட்டப்பட்டிருந்தது. இயல்பாக இருங்கள் என்பதே அதன் பொருள்.

நிறுவனத்தின் தலைவர் ஆலிஸ். கதை, இயக்கம், மேற்பார்வை எல்லாம் அவர் கையில். ஆனால் விநியோகஸ்தர்கள் கூடும் வியாபாரக் கூட்டங்களுக்கு அவர் போகவில்லை. பெண் ஒருவர் இருந்தால் ஆண்களுக்குச் சங்கடம் என்று காரணம் சொல்லப்பட்டது. படம் எடுப்பவர் ஒருவர், அதை விற்கும் பேச்சு நடக்கும் இடத்தில் இருப்பவர் வேறொருவர். இந்தப் பிரிவினையின் விலை பின்னால் தெரிந்தது.

1914 ஜூலையில் 'மூவிங் பிக்சர் வேர்ல்டு' என்னும் தொழில் இதழில் படத்தயாரிப்பில் பெண்களின் இடம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். படமெடுப்பதில் ஆண் செய்யக்கூடிய எதையும் பெண்ணால் செய்ய முடியும், செய்வதற்குத் தடையாக இருப்பது பழக்கமே என்பது அதன் சாரம். தனி உரிமையாக அவர் அதைக் கோரவில்லை. பெண்கள் பலர் இத்துறைக்கு வரவேண்டும் என்றே எழுதினார்.

படங்கள்: ஒரு பார்வை

ஆலிஸின் படங்களை இன்று பார்ப்பவர் முதலில் கவனிப்பது நடிப்பு. அக்கால மௌனப் படங்களில் கையை வீசி மார்பில் அடித்துக்கொள்ளும் மேடை நடிப்பு மிகுதி. ஆலிஸின் நல்ல படங்களில் பாத்திரங்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். துணி மடிப்பார்கள், மேசை துடைப்பார்கள், கடிதம் எழுதுவார்கள். கதை அந்த வேலைகளின் ஊடே நகரும்.

'பெண்ணியத்தின் விளைவுகள்' (1906) ஏழு நிமிட அளவிலான நகைச்சுவைப் படம். இதில் ஆணும் பெண்ணும் இடம் மாறியிருக்கிறார்கள். ஆண்கள் தைக்கிறார்கள், துணி தேய்க்கிறார்கள், குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். பெண்கள் மதுக்கடையில் காலை நீட்டி அமர்ந்து குடிக்கிறார்கள், சாலையில் போகும் ஆணைச் சீண்டுகிறார்கள், பிறந்த குழந்தையைத் தம்முடையதன்று என்று மறுக்கிறார்கள். இறுதியில் ஆண்கள் கிளர்ந்தெழுந்து கடையைக் கைப்பற்றுகிறார்கள்.

இப்படத்தைப் பெண்ணியத்தைக் கேலி செய்யும் படமாகப் படிப்பவர்கள் உண்டு. தலைப்பும் முடிவும் அதற்கு இடம் தருகின்றன. ஆனால் படத்தில் பெண்கள் செய்யும் ஒவ்வொரு அத்துமீறலும் அன்றாட வாழ்வில் ஆண்கள் செய்வதுதான். பழகிப்போன ஒன்று ஆள்மாறிச் செய்யப்படும்போது விகாரமாகத் தெரிகிறது. ஆண்களின் கிளர்ச்சி நியாயம் என்று கைதட்டும் பார்வையாளர், அதே நிலையில் இருக்கும் பெண்களின் கிளர்ச்சியும் நியாயம் என்று தம்மை அறியாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறார். வாதம் எதையும் சொல்லாமல் வேடிக்கையாகவே நடத்தி, முடிவைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுவதுதான் இப்படத்தின் வலிமை.

அதே காலத்தில் எடுத்த 'மசக்கைக்காரி' என்று சொல்லத்தக்க ஒரு படம் ('மதாம் ஆ தேஸ் ஆன்வி') இன்னும் சிறப்பானது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தெருவில் நடக்கிறாள். பின்னால் கணவன் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். அவள் ஒரு குழந்தையின் குச்சிமிட்டாயைப் பிடுங்குகிறாள். அடுத்து ஒருவரின் மதுக்கோப்பை, பிச்சைக்காரரின் மீன், வியாபாரியின் புகைக்குழாய். ஒவ்வொரு முறையும் கேமரா அவள் அருகே போகிறது. அவள் சப்பி, குடித்து, புகைத்து இன்புறுவதை முகம் நிறையக் காட்டுகிறது. கடைசியில் தடுக்கி ஒரு கோசுத் தோட்டத்தில் விழுகிறாள், குழந்தை கிடைக்கிறது. மசக்கை என்பது குடும்பத்துக்குள் மட்டும் பேசப்பட்ட காலம் அது. ஒரு பெண்ணின் ஆசையை, அதுவும் கர்ப்பிணியின் ஆசையை, வெட்கப்படுத்தாமலும் தண்டிக்காமலும் படம் சிரிக்கவைக்கிறது. அண்மைக்காட்சியை ஆலிஸ் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் 1900இலேயே அது பயன்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே பூதக்கண்ணாடி வழியே ஒரு பொருளைப் பெரிதாகக் காட்டும் வேடிக்கையாக இருந்தது. இங்கே ஒரு மனுஷியின் உள்ளத்தைக் காட்டப் பயன்படுகிறது.

'கிறிஸ்துவின் வாழ்க்கை' படத்திலும் இதே பார்வை உண்டு. காட்சிகள் பெரும்பாலும் ஓவியச் சட்டகம்போல் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. வெரோனிகா இயேசுவின் முகம் துடைத்த துணியை ஏந்தி நிற்கும் இடத்தில் மட்டும் கேமரா நெருங்கி வருகிறது. சிலுவைப்பாதை முழுவதும் பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறார்கள். படத்தின் வேகம் இன்றைய பார்வையாளருக்குச் சோர்வு தரும். ஆனால் பெருங்கூட்டத்தை ஒரு சட்டகத்துக்குள் குழப்பமின்றி நகர்த்தும் திறமை தெளிவாகத் தெரிகிறது.

சோலாக்ஸ் காலப் படங்களில் 'உதிரும் இலைகள்' (1912) பலராலும் விரும்பப்படுவது. அக்காள் காசநோயில் கிடக்கிறாள். கடைசி இலை உதிரும்போது இவள் போய்விடுவாள் என்று மருத்துவர் சொல்வதைச் சிறுமி டிரிக்ஸி கேட்கிறாள். இரவில் எழுந்து தோட்டத்துக்குப் போய் உதிர்ந்த இலைகளைக் கயிற்றால் கிளைகளில் கட்டுகிறாள். அவ்வழியே வரும் வேறொரு மருத்துவர் காரணம் கேட்கிறார். அவரிடம் மருந்து இருக்கிறது. கதையாகச் சொன்னால் எளிதில் கண்ணீர்க் கதையாகிவிடும். ஆலிஸ் அப்படி ஆகவிடவில்லை. சிறுமி அழுவதில்லை. பெரியவர்கள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் நம்பி, இலை உதிராமல் இருந்தால் சரி என்று அவள் வேலையில் இறங்கிவிடுகிறாள். குழந்தையின் தர்க்கத்தைப் பெரியவர்களின் இரக்கமாக மாற்றாமல் தர்க்கமாகவே காட்டியது இயக்குநரின் முதிர்ச்சி. டிரிக்ஸியாக நடித்த மாக்டா ஃபாய் சோலாக்ஸின் குழந்தை நட்சத்திரம்.

'பிளவுபட்ட வீடு' (1913) தம்பதியர் சண்டையைப் பற்றிய நகைச்சுவை. சின்னச் சந்தேகத்தில் பிரிய நினைக்கும் கணவனும் மனைவியும் வக்கீல் ஆலோசனைப்படி ஒரே வீட்டில் பேசாமல் வாழ ஒப்பந்தம் போடுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் துண்டுச்சீட்டில் எழுதிப் பேசிக்கொள்கிறார்கள். மௌனப் படத்தில் இயல்பாகவே பேச்சு கிடையாது. அந்தக் குறையையே இங்கே கதையாக்கியிருக்கிறார். 'திருமணத்தின் வேக வரம்பு' (1913) படத்தில், பணத்தை இழந்ததால் திருமணத்தை மறுக்கும் காதலனை, சொத்து வருவதாக ஒரு பொய்யைச் சொல்லி நண்பகலுக்குள் மணமகள் தேடி ஓடவைக்கிறாள் காதலி. இப்படம் 2003இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

குறைகள்

ஆலிஸின் எல்லாப் படங்களும் காலத்தைக் கடந்தவை அல்ல. 'ஓர் அமெரிக்கக் குடிமகனை உருவாக்குதல்' (1912) ரஷ்யாவிலிருந்து குடியேறிய ஒருவன் மனைவியை அடிமாடுபோல் நடத்துவதைக் காட்டுகிறது. வழியில் வரும் அமெரிக்கர்கள் அவனைத் திருத்துகிறார்கள். சிறைக்கும் போய்வந்து அவன் மனம் மாறுகிறான். மனைவியை அடிப்பது குற்றம் என்று 1912இலேயே நேரடியாகச் சொன்னது பாராட்டத்தக்கது. ஆனால் கொடுமை கிழக்கிலிருந்து கப்பலில் வருகிறது, நாகரிகம் அமெரிக்காவில் காத்திருக்கிறது என்ற கணக்கு எளிமையானது. குடியேறிய ஒரு பெண்ணே இதை எடுத்தார் என்பது கவனிக்க வேண்டியது.

'முட்டாளும் அவன் பணமும்' (1912) கறுப்பின நடிகர்களை மட்டுமே கொண்டு எடுக்கப்பட்ட மிகப் பழைய கதைப்படங்களில் ஒன்று. வெள்ளை நடிகர்கள் உடன் நடிக்க மறுத்ததால் அனைத்துப் பாத்திரங்களுக்கும் கறுப்பின நடிகர்களையே ஆலிஸ் அமர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவராக நடித்த காலத்தில் இது பெரிய மாற்றம். ஆனால் கிடைத்த பணத்தைப் பகட்டில் தொலைக்கும் கறுப்பு மனிதன் என்ற கதையே அன்றைய மேடைக் கேலியிலிருந்து வந்தது. நடிகர்களுக்கு இடம் கொடுத்த படம், அவர்களுக்குக் கொடுத்த பாத்திரங்களில் பழமையை விடவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்வது நேர்மை.

வீழ்ச்சி

1914க்குப் பிறகு படங்கள் நீண்டன, செலவு பெருகியது. சிறு நிறுவனங்களை விநியோகத்தைக் கையில் வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் விழுங்கின. தொழில் கலிபோர்னியாவுக்கு நகர்ந்தது. ஆலிஸ் மற்ற நிறுவனங்களுக்குக் கூலி இயக்குநராகப் பணிபுரிய நேர்ந்தது. கைவிடப்பட்ட மாளிகையில் ஒளியும் பெண்ணைப் பற்றிய 'கடல் தந்த அநாதை' (1916) அக்காலப் படங்களில் எஞ்சியவற்றுள் ஒன்று. 1918இல் ஹெர்பர்ட் குடும்பத்தை விட்டு ஹாலிவுட்டுக்குப் போனார். அதே ஆண்டு பரவிய விஷக்காய்ச்சலில் ஆலிஸும் நோயுற்றார். அவருடைய கடைசிப் படம் 1920இல் வெளிவந்தது. சோலாக்ஸ் ஸ்டூடியோ ஏலத்துக்குப் போனது. 1922இல் மணவிலக்குப் பெற்று இரு பிள்ளைகளுடன் பிரான்சுக்குத் திரும்பினார்.

அப்போது அவருக்கு வயது 49. கால் நூற்றாண்டு அனுபவம் இருந்தது. ஆனால் கையில் காட்டுவதற்கு ஒரு படம்கூட இல்லை. பிரெஞ்சு ஸ்டூடியோக்களில் வேலை கிடைக்கவில்லை. 1927இல் தம் படங்களைத் தேடி அமெரிக்கா போனார், வெறுங்கையோடு திரும்பினார். இதழ்களுக்குக் குழந்தைக் கதைகள் எழுதினார். மகளின் சம்பாத்தியத்தில் வாழ்ந்தார். அதன்பின் 46 ஆண்டுகள் உயிரோடிருந்தும் அவர் ஒரு படமும் எடுக்கவில்லை.

பெயர் மறைந்த விதம்

அவர் பெயர் அழிந்ததற்கு ஒரு தனிமனிதரின் சூழ்ச்சி காரணமன்று. பல சிறு வழக்கங்கள் சேர்ந்து அதைச் செய்தன. ஆரம்பகாலப் படங்களில் இயக்குநர் பெயர் போடும் வழக்கம் இல்லை. படச்சுருள் மீட்டர் கணக்கில் நிறுவனப் பெயரில் விற்கப்பட்டது. ஓடித் தேய்ந்த சுருளைப் பாதுகாக்க யாரும் நினைக்கவில்லை. அவர் பெயரும் 'ஆலிஸ் கீ', 'திருமதி பிளாஷே' என மாறியது. பிளாஷே என்று மட்டும் இருந்த இடங்களில் அது கணவரைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டது.

பின்னாளில் வரலாறு எழுதியவர்கள் விற்பனைப் பட்டியல்களையும் ஆண் தொழிலாளர்களின் நினைவுகளையும் நம்பினார்கள். புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சாதூல் 'கிறிஸ்துவின் வாழ்க்கை' படத்தை ஆலிஸின் உதவியாளராக இருந்த விக்தோரின் ஜாசேயின் படமாக எழுதினார். கோமோன் நிறுவனத்தின் வரலாற்றிலேயே 1907க்கு முந்தைய படத்தயாரிப்பு இடம்பெறவில்லை. ஆலிஸ் பழைய முதலாளிக்கு எழுதிக் கேட்டார். திருத்துவதாக ஒப்புக்கொண்ட லியோன் கோமோன் 1946இல் இறந்துபோனார்.

ஆலிஸ் முதுமையில் செய்த வேலை பட்டியலிடுவது. நினைவிலிருந்து தம் படங்களின் பெயர்களை எழுதினார், திருத்தினார், ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். 1954இல் லியோன் கோமோனின் மகன் லூயி கோமோன் பாரிசில் ஆற்றிய உரையில், ஆலிஸ் அநியாயமாக மறக்கப்பட்டவர் என்று பொதுவில் சொன்னார். அதே பத்தாண்டில் பிரெஞ்சு அரசின் லெஜியன் ஆஃப் ஆனர் விருது கிடைத்தது. 1957இல் பிரெஞ்சு சினிமாத்தெக் அவரைச் சிறப்பித்தது. 1968இல் 94ஆவது வயதில் நியூஜெர்சியில் காலமானார். நினைவுக்குறிப்புகளுக்கு அவர் உயிரோடிருந்தவரை பதிப்பாளர் கிடைக்கவில்லை. 1976இல்தான் அவை நூலாயின.

மதிப்பீடு

அலிசன் மெக்மஹன் 2002இல் எழுதிய ஆய்வுநூல், 2009இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் நடத்திய படவிழா, 2018இல் பமேலா கிரீன் எடுத்த ஆவணப்படம் ஆகியவை ஆலிஸை மீண்டும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் எழுப்பப்பட்ட பத்துப் பெண்களின் பொன்னிறச் சிலைகளில் அவர் சிலையும் ஒன்று.

இந்த மீட்பில் ஓர் ஆபத்தும் உண்டு. முதல் கதைப்படம், முதல் அண்மைக்காட்சி, முதல் ஒலிப்படம் என எல்லா 'முதல்'களையும் அவர் பெயரில் எழுதும் போக்கு வளர்ந்திருக்கிறது. தோட்டக்காரர் மீது தண்ணீர் பீய்ச்சும் லூமியேரின் சிறு நகைச்சுவைக் கதை 1895ஆம் ஆண்டுக்குரியது. சோலாக்ஸில் மற்றவர்கள் இயக்கி ஆலிஸ் மேற்பார்த்த படங்களும் இன்று அவர் இயக்கியவையாகவே சுற்றுகின்றன. 'சுரங்கத் தொழிலாளி ஆல்ஜி' (1912) அதற்கு உதாரணம். ஆலிஸின் படத்தை ஜாசேயின் பெயரில் எழுதியது பிழை என்றால், பிறர் படத்தை ஆலிஸின் பெயரில் எழுதுவதும் பிழைதான். மிகையாகச் சொன்ன ஒன்று நாளை மறுக்கப்படும்போது உண்மையான பெருமையும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அவருக்கு இந்த மிகை தேவையில்லை. ஜார்ஜ் மெலியஸ் நிலவுக்குப் போகும் அற்புதத்தைக் காட்டினார். லூமியேர்கள் உலகத்தைப் பதிவு செய்தார்கள். ஆலிஸ் கீ வீட்டுக்குள் கேமராவை நிறுத்தினார். சமையலறை, சாப்பாட்டு மேசை, நோயாளியின் கட்டில், குழந்தை வண்டி ஆகிய இடங்களில் யார் வேலை செய்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனித்தார். அதைக் கோபமாகச் சொல்லாமல் நகைச்சுவையாகச் சொன்னார். மசக்கைக்காரியின் முகமும், இரவில் இலை கட்டும் சிறுமியும், ஒரே மேசையில் சீட்டெழுதிப் பேசும் தம்பதியும் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டிருந்தாலும் நல்ல சினிமாதான்.

கிடைக்கும் படங்களில் பல பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேற்படாதவை. ஆலிஸை அறிய விரும்புபவர் 'பெண்ணியத்தின் விளைவுகள்', மசக்கைக்காரி பற்றிய படம், 'உதிரும் இலைகள்', 'பிளவுபட்ட வீடு' ஆகிய நான்கையும் இந்த வரிசையில் பார்க்கலாம். ஒரு மணி நேரம்கூட ஆகாது.